கால் வீக்கத்துக்கு இரட்டை நீர் மாத்திரை: வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு பை நிறைய மாத்திரையைக் கையில் கொடுத்து, "இது காலையில ஒண்ணு, யூரின் போறதுக்கு" என்று ஒரு வரி சொல்வார்கள். அந்த ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கிறது என்றோ, எப்போது ரத்தம் சோதிக்க வேண்டும் என்றோ, இளநீர் கொடுக்கலாமா என்றோ பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. எத்தனை மில்லிகிராம் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. அவர் எழுதிக் கொடுத்ததை வீட்டில் ஆபத்தில்லாமல் கொடுப்பது எப்படி என்பது மட்டுமே இந்தக் கட்டுரை. பெரியவர்களுக்கான விஷயம் இது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கே வேறு.

1. வீக்கம் எதனால் என்று முதலில் கேளுங்கள்

நீர் மாத்திரை, தேங்கிய உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியே தள்ளும். தேங்கியதற்கான காரணத்தை அது தொடுவதில்லை. இதய பலவீனம், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர்வது, சிறுநீரகக் கோளாறு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் இந்த மாத்திரை எழுதப்படும் இடங்கள்.

ஆனால் நம் ஊரில் கால் வீங்கியிருக்கும் எத்தனையோ பேர் ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அதற்கு நீர் மாத்திரை அவ்வளவாக உதவாது; அம்லோடிபினைக் குறைத்தாலோ மாற்றினாலோ தானாக வடியும். சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன், ஸ்டீராய்டு மாத்திரைகள், அடிக்கடி போடும் மூட்டுவலி மாத்திரைகள் எல்லாமே உடம்பில் நீரைத் தேக்கும். ஆகவே நீர் மாத்திரை எழுதும் டாக்டரிடம், வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேஜையில் எடுத்து வையுங்கள். பெயரை வாயால் சொல்ல வேண்டாம், அட்டையைக் காட்டுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் கதை வேறு. ரத்தக் கட்டியாக இருக்கலாம், தோல் தொற்றாக இருக்கலாம், யானைக்கால் நோயாக இருக்கலாம். திடீரென்று ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நீர் மாத்திரையில் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்க்கும் வேலை எந்த வீக்கத்துக்கும் வேண்டாம்.

2. அட்டையில் இருக்கும் இரண்டு பெயர்களையும் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒரு பெயர் ஃப்ரூசிமைட் அல்லது டார்செமைட். இது வேகமானது. ஃப்ரூசிமைட் வாயில் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீரை இழுக்க ஆரம்பிக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். கூடவே, இதயத்துடிப்பு சீராக இருக்கத் தேவையான பொட்டாசியம் என்ற தாதுவையும் வெளியே கொண்டு போய்விடும்.

இன்னொரு பெயர் ஸ்பைரோனோலாக்டோன். சில மாத்திரைகளில் அதற்குப் பதில் அமிலோரைட் இருக்கும். இவை பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்துகிறவை. ஸ்பைரோனோலாக்டோன் நிதானமானது, முழு வேகம் எடுக்க இரண்டு மூன்று நாட்கள் ஆகும். நிறுத்தினாலும் உடனே அடங்காது.

ஒன்று பொட்டாசியத்தை வெளியே தள்ள, மற்றது உள்ளே பிடித்து வைக்க, கணக்கு நேராகும் என்பதுதான் இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்ததன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் எல்லா உடம்பிலும் அது நேராக நிற்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் ஏறும். சாப்பாடே இறங்காமல் மாத்திரை மட்டும் போடுகிறவருக்கு இறங்கலாம். கூட்டு மாத்திரை என்பதால் பொட்டாசியத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று மருந்துக் கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது எண்கள். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். லாசிலாக்டோன் 50 என்றால் அதில் ஃப்ரூசிமைட் 20 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 50 மி.கி. டைட்டர் பிளஸ் 10 என்றால் டார்செமைட் 10 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 50 மி.கி. பார்த்தீர்களா, முதல் பெயரில் உள்ள எண் ஸ்பைரோனோலாக்டோனின் அளவு. இரண்டாவதில் உள்ள எண் டார்செமைட்டின் அளவு. 50 பெரியது, 10 சின்னது என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். அமிலோரைட் சேர்ந்த மாத்திரையில் ஃப்ரூசிமைட் 40, அமிலோரைட் 5 என்ற அளவு வழக்கம்.

கடையில் "அது இல்லை, இதுவும் அதேதான்" என்று வேறு அட்டை கொடுத்தால், இரண்டு சின்ன எழுத்துப் பெயர்களும் இரண்டு மி.கி. எண்களும் அப்படியே ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஃப்ரூசிமைட் 20 இடத்தில் டார்செமைட் 20 வந்துவிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். நான்கும் பொருந்தினால் கம்பெனி வேறாக இருந்தாலும் வாங்கலாம்.

இன்னொரு பெரிய பொறி: அரசு மருத்துவமனையில் ஃப்ரூசிமைட் தனியாக, ஸ்பைரோனோலாக்டோன் தனியாகத் தருவார்கள். அதே ஆள் தனியார் டாக்டரையும் பார்த்தால் அவர் கூட்டு மாத்திரை எழுதுவார். வீட்டில் மூன்று அட்டையும் ஒரே டப்பாவில் கிடக்கும். பெயர் வேறு வேறு, நிறம் வேறு வேறு என்பதால் பெரியவர் மூன்றையும் போட்டுக்கொள்வார். புது மாத்திரை வந்த அன்றே பழைய அட்டைகளை எடுத்துக்கொண்டு போய், "இதில் எதை நிறுத்த வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, நிறுத்தியதை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள்.

பாதியாக உடைத்துக் கொடுப்பதற்கு முன்பும் கேளுங்கள். பாதி மாத்திரை என்றால் இரண்டு மருந்தும் பாதி. ஒன்றை மட்டும் குறைக்க வேண்டிய நிலை வந்தால் டாக்டர் தனித்தனி மாத்திரைக்கு மாற்றுவார். நம்மால் வீட்டில் அதைச் செய்ய முடியாது.

3. முதல் மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் இந்த நான்கும் கையில் இருக்க வேண்டும். லேபில் "எலக்ட்ரோலைட்ஸ், ஆர்.எஃப்.டி." என்று கேட்டால் புரியும். பொட்டாசியம் சாதாரணமாக 3.5 முதல் 5 வரை. ஏற்கெனவே 5-ஐத் தாண்டி நிற்கிறவருக்கும், சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவருக்கும் ஸ்பைரோனோலாக்டோன் ஆரம்பிக்க டாக்டர்கள் தயங்குவார்கள். மருத்துவமனையில் இருந்தபோது எடுத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கத்தில் எண்கள் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

சல்ஃபா மருந்து அலர்ஜி, கௌட் எனும் யூரிக் அமில மூட்டுவலி, ப்ராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் தொல்லை, இதில் ஏதாவது உண்டென்றால் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தால், ஓ.பி. கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு ஃபைல் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்கோ, ஈ.சி.ஜி.
- ரத்தப் பரிசோதனைத் தாள்கள், தேதி வரிசைப்படி, புதியது மேலே
- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் எழுதிய ஒரே தாள், மி.கி.யுடன்
- எடை நோட்டு (அதைப் பற்றிக் கீழே)
- காப்பீட்டு அட்டை, ஆதார் நகல்

ரத்தத் தாளில் மை மங்கிப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் எமர்ஜென்சிக்கு ஓடும்போது ஃபைல் வீட்டில் இருக்கும், போன் கையில் இருக்கும்.

4. நேரம்: காலை, கழிப்பறைக்குப் பக்கத்தில்

ஒருவேளை மாத்திரை என்றால் காலை டிபன் முடிந்ததும் கொடுப்பது வசதி. ஸ்பைரோனோலாக்டோன் வயிற்றில் உணவு இருந்தால் நன்றாக உள்ளே போகும். தினமும் ஒரே நேரம், ஒரே விதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை எழுதியிருந்தால் இரண்டாவதை மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. இரவு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தீர்களானால் ராத்திரி முழுக்க எழுந்து நடப்பார். இருட்டில் தூக்கக் கலக்கத்தில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வீக்கத்தைவிடப் பெரிய வினை.

மறந்துவிட்டால்? மதியத்துக்குள் நினைவு வந்தால் அப்போது கொடுக்கலாம். மாலை ஆகிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

முதல் வாரம் படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு நிற்கச் சொல்லுங்கள். எழுந்ததும் கண் இருட்டுகிறது என்றால், வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் உட்கார்ந்தபடி ஒன்று, நின்றபடி ஒன்று எடுத்துக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வாரக் கணக்கில் டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். ஃப்ரூசிமைட் வெளிச்சத்தில் கெடும். நிறம் மாறிய மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்.

5. எடை நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காலை அமுக்கிப் பார்த்துக் குழி விழுகிறதா என்று பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் காலில் குழி விழும் அளவுக்கு வருவதற்குள் உடம்பில் சில கிலோ நீர் சேர்ந்திருக்கும். எடை மெஷின் அதற்கு முன்பே சொல்லிவிடும். ஒரு லிட்டர் நீர் என்பது ஒரு கிலோ. ஒரு நாளில் சதையோ கொழுப்போ ஒரு கிலோ ஏறாது, இறங்காது.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், ஏறக்குறைய ஒரே மாதிரி உடுப்பில் நிற்கச் சொல்லுங்கள். மெஷின் தரையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாயின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். சாதாரண டிஜிட்டல் மெஷின் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. பெரியவர் பிடிமானமில்லாமல் நிற்க முடியாதவர் என்றால் சுவரோரம் வையுங்கள், ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த எண்ணை எழுதாதீர்கள்.

நோட்டில் தேதி, எடை, மாத்திரை போட்டாரா, மூச்சு எப்படி என்று நான்கே கட்டம் போதும். டிஸ்சார்ஜ் ஆகும்போது வீக்கம் வடிந்து நின்ற எடையை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். டாக்டரிடம், "இவருடைய சரியான எடை எவ்வளவு என்று எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் டாக்டரே நிமிர்ந்து பார்ப்பார்.

ஏறினால்: மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் இதய நோயாளிகள் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மூச்சிரைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இறங்கினால்: இதையும் கவனிக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீக்கம் மளமளவென்று வடிவதைப் பார்த்து வீடே சந்தோஷப்படும். கல்லீரல் காரணமாக வயிற்றில் நீர் உள்ளவர்களுக்குக் கால் வீக்கம் இல்லையென்றால் ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேலும், கால் வீக்கம் இருந்தால் ஒரு கிலோவுக்கு மேலும் இறங்கக் கூடாது என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை. அதைவிட வேகமாகப் போனால் சிறுநீரகம் வாடும், சோடியம் இறங்கும், நினைவு தடுமாறும். எந்தக் காரணமாக இருந்தாலும், வீக்கமே இல்லாதபோதும் எடை இறங்கிக்கொண்டே போனால் டோஸைக் குறைக்க வேண்டிய நேரம் வந்திருக்கலாம். டாக்டரைக் கேளுங்கள்.

6. உப்பு, தண்ணீர், இளநீர்

உப்பைக் குறைக்காமல் நீர் மாத்திரை கொடுப்பது பண விரயம். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள் என்பது எல்லோருக்குமான எல்லை. அந்த ஒரு டீஸ்பூனில் சாம்பார், ரசம், பொரியல், இட்லி மாவு எல்லாம் அடக்கம். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு இவற்றை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. கடை மிக்சர், பிஸ்கட், பாக்கெட் சூப்பிலும் உப்பு உண்டு. வாயுத் தொல்லைக்குத் தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கும் பொடிகளில் சோடியம் இருக்கிறது என்பது தெரியாமலேயே பலர் தினமும் குடிக்கிறார்கள்.

இந்துப்பு நல்லது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். வீக்கத்துக்கு அது விலை கூடிய சாதாரண உப்பு, அவ்வளவே.

இதைவிட ஆபத்தானது "லோ சோடியம்" என்று போட்டு விற்கும் உப்பு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். பி.பி.க்கு நல்லது என்று மகனோ மகளோ அன்பாக வாங்கி வந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போவார்கள். பாக்கெட்டின் பின்னால் பொட்டாசியம் என்ற சொல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் திறக்க வேண்டாம்.

இளநீர் விஷயத்துக்கு வருவோம். "யூரின் நிறையப் போகுது, உடம்பு வறண்டிருக்கும், ஒரு இளநீர் குடி" என்பது நம் ஊரில் தானாக வரும் உபசாரம். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். சிறுநீரகம் நன்றாக இருந்து, ரத்தத்தில் பொட்டாசியமும் சரியாக இருக்கிறவருக்கு எப்போதாவது ஒன்று என்பது வேறு. தினமும் ஒன்று என்றால், அதுவும் சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, அது சின்ன விஷயமில்லை. வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு, தக்காளி சூப் பற்றியும் இதே பேச்சுதான். ஆனால் எல்லோரும் எல்லாப் பழத்தையும் நிறுத்த வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. பொட்டாசியம் இறங்குகிறவரும் இருக்கிறார். கடைசி ரத்தத் தாளைக் காட்டி, "இந்த எண்ணுக்கு இளநீரும் வாழைப்பழமும் கொடுக்கலாமா?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் கிடைக்கும்.

வீக்கம் வடியும் என்று வைக்கும் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயம் இவற்றை மாத்திரையோடு சேர்த்து ஆரம்பிப்பதற்கு முன்பும் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் எது எவ்வளவு வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

தண்ணீர் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எல்லோரும் குறைக்கத் தேவையில்லை. டாக்டர் ஒன்றரை லிட்டர் என்று சொல்லியிருந்தால் அதில் காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்தி. எங்கள் வீட்டில் கைகொடுத்த வழி: காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி வைத்துவிடுவோம். அப்பா ஒரு டம்ளர் காபி குடித்தால் அதே டம்ளர் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுவோம். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. அவருக்கே கண்ணால் தெரிந்ததால் சண்டை குறைந்தது. முழுதாக நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

7. சேரக் கூடாத மருந்துகள்

- மூட்டுவலி, பல்வலி மாத்திரைகள்: டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபன், அசிக்ளோஃபினாக் வகைகள். நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், பொட்டாசியத்தை ஏற்றும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று சொல்லிப் பேப்பரில் மடித்துத் தரும் மாத்திரைகளை இந்த நோயாளிக்கு வாங்கவே கூடாது.
- பொட்டாசியம் சிரப். ஃப்ரூசிமைட் மட்டும் சாப்பிட்டபோது எழுதிக் கொடுத்த பாட்டில் வீட்டில் பாக்கி இருக்கும். கூட்டு மாத்திரைக்கு மாறிய பிறகும் அதைத் தொடரலாமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பலருக்கு அது நிறுத்தப்பட வேண்டியது.
- எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன், சாக்குபிட்ரில்-வால்சார்டன். இவை இதய நோயாளிக்கு வேண்டிய மருந்துகள்தான். ஸ்பைரோனோலாக்டோனுடன் சேர்த்தே எழுதுவார்கள். நிறுத்தாதீர்கள். ஆனால் இரண்டும் பொட்டாசியத்தை ஏற்றுபவை என்பதால், இந்தச் சேர்க்கை உள்ளவர் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.
- கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதுவது வழக்கம். ஸ்பைரோனோலாக்டோனுடன் சேர்ந்தால் பொட்டாசியம் சட்டென்று ஏறும். வேறு டாக்டரிடம் போனால் "ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.
- டிகாக்சின் என்ற இதய மருந்து. பொட்டாசியம் இறங்கினால் இதன் நச்சு வெளிப்படும்.
- லித்தியம். நீர் மாத்திரையால் ரத்தத்தில் தேங்கி நச்சாகும். மனநல டாக்டருக்குத் தெரியாமல் ஆரம்பிக்கக் கூடாது.
- டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் இப்போது நிறைய எழுதுகிறார்கள். இவையும் சிறுநீரைக் கூட்டும். சேர்த்துச் சாப்பிடலாம், ஆனால் வறட்சிக்குக் கண் வைக்க வேண்டும்.

8. மறுபரிசோதனை எப்போது

ஆரம்பித்து ஒரு வாரம் வாக்கில் ஒன்று, நான்கு வாரத்தில் ஒன்று, எல்லாம் நிலையாக இருந்தால் அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வரிசை. டோஸ் மாறினாலும், மேலே சொன்ன மருந்து ஏதாவது புதிதாகச் சேர்ந்தாலும் கணக்கு மறுபடி முதல் வாரத்திலிருந்து. உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொன்னதுதான்.

முதல் வாரத்துப் பரிசோதனையைத்தான் வீட்டில் தவறவிடுகிறார்கள். "நல்லாத்தானே இருக்கார், ரிவியூவுக்குப் போறப்ப எடுத்துக்கலாம்." பொட்டாசியம் ஏறினால் பெரும்பாலும் வெளியே ஒன்றுமே தெரியாது. தெரியும்போது நேராக இதயத்துடிப்பில் தெரியும். டிஸ்சார்ஜ் நாளிலேயே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

இந்த நான்கு சோதனைக்கும் வெறும் வயிறு தேவையில்லை. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறக்கச் சொன்னாலோ, ஊசியில் சிரமப்பட்டு இழுத்து ரத்த அணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். ஆகவே தாளில் 6 என்று பார்த்தால் பதற வேண்டாம். அதற்காக மாதிரி கெட்டிருக்கும் என்று நாமே முடிவு கட்டவும் வேண்டாம். 5.5-க்கு மேல் எது வந்தாலும் அன்றே டாக்டருக்குப் போன். 6 அல்லது அதற்கு மேல் என்றால் போன் கிடைக்கும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கே போய்விடுங்கள், ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தத்தை மறுபடி சோதித்துப் பார்ப்பார்கள்.

9. வாந்தி, பேதி, காய்ச்சல் நாட்கள்

உடம்பிலிருந்து நீர் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும்போது நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் ஓரிரு நாளில் படுத்துவிடும். இப்படிப்பட்ட நாட்களில் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். அந்த நேரத்தில் டாக்டர் போனை எடுப்பார் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் நல்லாயிருக்கும் நாளிலேயே கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்: வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்த வேண்டும், எத்தனை நாள், மறுபடி எப்போது ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். பேதி நின்ற பிறகு மாத்திரையை ஆரம்பிக்க மறந்து, மறுபடி மூச்சிரைப்போடு வந்து சேர்கிறவர்கள் உண்டு.

ஓ.ஆர்.எஸ். கரைசலில் சோடியமும் பொட்டாசியமும் உண்டு. வேண்டிய நேரத்தில் அது மருந்துதான். எவ்வளவு என்று கேட்டுக் கொடுங்கள். சித்திரை வைகாசி வெயிலிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

10. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

உடனே 108: நெஞ்சு வலி, படுக்கவே முடியாத மூச்சுத் திணறல், மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுவது அல்லது மிக மெதுவாவது, கை கால் திடீரென்று தளர்ந்துபோவது, ஆளைத் தெரியாமல் பேசுவது. கல்லீரல் நோயாளி இரவெல்லாம் விழித்துப் பகலில் மந்தமாகிக் குழறினால் "தூக்கம் கெட்டுப்போச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டியவை: கெண்டைக்கால் பிடிப்பு, அடங்காத தாகம், சிறுநீர் மிகக் குறைந்துபோவது, நின்றால் தலைசுற்றல், கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்குவது, காதில் இரைச்சல்.

ஆண்கள் வெளியே சொல்லக் கூசுவது ஒன்று உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் சிலருக்கு மார்பில் வலியும் வீக்கமும் உண்டாக்கும். அப்பா மாதிரி ஆட்கள் சொல்ல மாட்டார்கள். சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே நீங்களே பேச்சை எடுங்கள். மாற்றாக எப்லெரனோன் போன்ற மருந்து இருக்கிறது, டாக்டர் பார்த்து மாற்றுவார்.

11. செலவும் வாங்கும் இடமும்

மாத்திரை விலை பெரிதில்லை. ஒன்றுக்குச் சில ரூபாய்தான். மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் பெயரில் இன்னும் குறைவாகக் கிடைக்கும். அங்கே கம்பெனி பெயர் சொல்லிப் பயனில்லை. இரண்டு மருந்தின் பெயரும் மி.கி.யும் எழுதிய சீட்டு வேண்டும். கூட்டு மாத்திரை இல்லாமல் தனித்தனியாக இருந்தால், டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

செலவு ரத்தப் பரிசோதனையில்தான். தனியார் லேபில் ஒவ்வொரு முறையும் சில நூறு ரூபாய் ஆகும். "முழு பாடி பேக்கேஜ்" எடுத்தால் மலிவு என்பார்கள். வேண்டாம். நமக்குத் தேவையானது நான்கே எண்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை உண்டு, மாத்திரையும் இலவசம். காலையில் சீக்கிரம் போக வேண்டும், அரை நாள் ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டாசியம் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். மாதாந்திர மாத்திரைக்கு அதை நம்ப வேண்டாம்.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றால், இதய டாக்டர் பி.பி. மாத்திரையை மாற்றியதை அந்தப் பணியாளரிடம் புதுச் சீட்டோடு காட்டுங்கள். இல்லாவிட்டால் நிறுத்திய அம்லோடிபின் மாதாமாதம் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கும்.

12. பஸ் பயணமும் கல்யாண வீடும்

வீக்கம் வடிந்துவிட்டது என்று நாமாக நிறுத்துவதற்கு அடுத்தபடியாக மாத்திரை தவறுவது இங்கேதான். வழியில் கழிப்பறை இருக்காது என்ற பயத்தில் பெரியவர்கள் பயண நாளில் மாத்திரையை விட்டுவிடுவார்கள், போன இடத்தில் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் எடை ஏறித் திரும்புவார்கள். ரிவியூவுக்கு ஆஸ்பத்திரி போகும் நாளிலும் இதேதான் நடக்கிறது. அதைச் சொல்லாமல் டாக்டர் முன் உட்கார்ந்தால், மாத்திரை போதவில்லை என்று நினைத்து அவர் டோஸைக் கூட்டக்கூடும்.

பயண நாளில் மாத்திரையைச் சில மணி நேரம் தள்ளி, போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள்; பலர் சம்மதிப்பார்கள். இரண்டு நாள் கூடுதலாகவே மாத்திரை எடுத்துக்கொண்டு, அதை லக்கேஜில் போடாமல் கைப்பையில் வையுங்கள். மாத்திரைப் பெயர் எழுதிய தாளின் நகல் ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.